கடமும் கிதாரும்



தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் ஒரு வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. வாதியும் பிரதிவாதியும் ஒரே குடும்பத்தார். அலமாரியின் மேல்தட்டில் பாட்டனார் வாசித்த வயலின் உறைக்குள் உறங்குகிறது. பேரன் அதைத் தொடமாட்டேன் என்கிறான். கிதார்தான் வேண்டும் என்கிறான். "ஊரைத்தான் விட்டு வந்தோம், இசையையுமா விட்டுவிடுவது?" என்று தந்தை கேட்கிறார். "நான் பிறந்த ஊர் இதுதானே, அப்பா?" என்று மகன் கேட்கிறான். இரு கேள்விகளிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே தீர்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

பெங்களூரில் என் இல்லத்திலும் இவ்வழக்கு எழுந்தது. இந்நகரில் அது எழாமல் இருந்தால்தான் வியப்பு. 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-இல் அயர்ன் மெய்டன், 2011-இல் மெட்டாலிக்கா என உலகப் புகழ் பெற்ற ராக் குழுக்கள் அரண்மனை மைதானத்தில் வாசித்துச் சென்ற நகரம் இது. கல்லூரிதோறும் ஓர் இளைஞர் குழு கிதாரும் முரசும் முழக்குகிறது. இத்தகைய ஊரில் வளரும் பிள்ளையிடம் கிதாரைக் கேட்காதே என்று சொல்வது, கடற்கரையில் வளரும் பிள்ளையிடம் அலையைப் பார்க்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

நான் மைய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். ஒரு மொழியில் உள்ள பொருளைச் சேதமின்றி மற்றொரு மொழிக்குக் கொண்டுசேர்ப்பது என் தொழில். கிதாரின் பக்கம் உள்ள பொருளை நம் இசையின் பக்கமும், நம் பக்கம் உள்ளதை அப்பக்கமும் யாரேனும் சேதமின்றிக் கொண்டுசேர்த்தது உண்டா என்று தேடினேன். ஓர் இசைக்குழுவின் வரலாறும், அது வெளியிட்ட இசைத்தட்டுகளின் வரலாறும் கிடைத்தன. அவற்றையே இன்று தங்கள்முன் வைக்க விழைகிறேன். அக்குழுவின் பெயர் 'சக்தி'.

வரலாற்றுக்குள் புகுமுன் அலமாரியில் உறங்கும் வயலினைப் பற்றி ஒரு சொல். நாம் நம் மரபின் அடையாளமாகப் போற்றும் அக்கருவி நம் நாட்டில் பிறந்ததன்று. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் காலத்தில் ஐரோப்பியரோடு கப்பலேறி வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் சின்னையா முதலியாரின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில் அதனைக் கற்று, கர்நாடக இசைக்கு இசைவித்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூர் அரசவையில் அதில் மேன்மையுற்றார். 1834-இல் சுவாதித் திருநாள் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். முத்துசுவாமி தீட்சிதரோ, வெள்ளையரின் இசைக்குழுக்கள் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவற்றை இன்றும் 'நோட்டுஸ்வரம்' என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். எனவே நம் வீட்டு வயலினும் ஒரு காலத்தில் விருந்தாக வந்ததே. விருந்தினர் எவ்வாறு வீட்டாராக மாறுகின்றனர் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இனி வரலாற்றைத் தொடங்குவோம். ஜான் மக்லாக்லின் 1942-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாவட்டத்தில், டான்காஸ்டரில் பிறந்தவர். இளமையிலேயே கிதாரில் வல்லவராகி, 1969-இல் அமெரிக்கா சென்றார். ஜாஸ் இசையின் பெருமேதை மைல்ஸ் டேவிஸ் அவரைத் தம் பதிவுகளுக்கு அழைத்துக்கொண்டார். 1971-இல் மக்லாக்லின் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவைத் தொடங்கினார். மகாவிஷ்ணு என்பது அவருடைய ஆன்மிகக் குருவான ஸ்ரீ சின்மய் சூட்டிய பெயர். ஜாஸ் இசையின் நுட்பத்தையும் ராக் இசையின் பேரொலியையும் ஒருங்கே கொண்ட அக்குழு, மின்கிதாரும் முரசும் இடியென முழங்க அரங்குகளை அதிரச் செய்தது. 1973-இல் அதன் இரண்டாம் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15-ஆம் இடத்தை எட்டியது. பாடலில்லாத இசைக்கு அது பெருவெற்றி.

புகழின் உச்சியில் இருந்த அக்கலைஞர் அதே காலத்தில் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் சங்கீத வித்துவான் டாக்டர் எஸ். இராமநாதன் கற்பித்து வந்தார். மக்லாக்லின் அவரிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டக் கேட்டவர், ஓர் ஆசிரியரின் முன் தொடக்கநிலை மாணவராக அமர்ந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. வீணையில் அவர் வித்துவானாகவில்லை. ஆனால் ஓரிடத்தில் நில்லாமல் அசைந்து செல்லும் கமகம் என்பது யாது, ஓர் இராகத்தின் உருவம் எங்கே தங்குகிறது என்பன அவருக்குப் புலப்பட்டன.

அதே பல்கலைக்கழகத்தில் இசை ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் எல். சங்கர். இவர் 1950-இல் சென்னையில் பிறந்தவர்; வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தந்தையார் வி. இலட்சுமிநாராயணா ஆங்கு இசை கற்பித்து வந்தார். 1958-இல் இலங்கையில் நிகழ்ந்த இனக் கலவரத்தை அடுத்து அக்குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. வீட்டையும் ஊரையும் விட்டு வந்தவர்கள் வயலினை விட்டுவரவில்லை. பிற்காலத்தில் பெங்களூரை இருப்பிடமாகக் கொண்ட வயலின் மேதை எல். சுப்பிரமணியம் இவருடைய தமையனார்.

மூன்றாமவர் ஜாகிர் உசேன். மும்பையில் 1951-இல் பிறந்தவர். பண்டிதர் ரவிசங்கருக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் புகழ்பெற்ற அல்லா ரக்காவின் மைந்தர். வடநாட்டுத் தபேலாக் கலைஞராயினும், தென்னாட்டுத் தாள முறைகளில் ஆர்வம் கொள்ளத் தந்தையிடமே கற்றவர்.

நான்காமவர் சென்னையிலிருந்து வந்தார். அவர் கையில் இருந்தது மண்ணால் ஆன ஒரு பானை. டி.எச். விக்கு விநாயக்ராம் 1942-இல் பிறந்தவர். தந்தையார் டி.ஆர். ஹரிஹர சர்மா சென்னையில் தாளவாத்தியப் பள்ளி நிறுவிய ஆசான். 1966-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் இவரே. மானாமதுரை முதலிய ஊர்களில் குயவர் மண்ணைப் பிசைந்து, வனைந்து, மீண்டும் மீண்டும் தட்டித் தடிமன் சமமாக்கிச் சூளையிலிட்டு எடுக்கும் அப்பானை, கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்கும் பின்னால் அமர்வது. அதன் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஒலியின் கனத்தை மாற்றுவர். அப்பானையை அவர் மேல்நாட்டு மேடையில் முன்வரிசையில் வைத்தார்.

தொடக்கத்தில் வெஸ்லியனில் ஆசிரியராயிருந்த இராமநாதபுரம் வி. இராகவனும் மிருதங்கத்துடன் இக்குழுவில் இருந்தார். 1975 ஜூலை 5 அன்று, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் இவர்கள் நடத்திய கச்சேரி ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 1976-இல் கொலம்பியா நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உருப்படி நிறைத்தது. அதன் நீளம் ஏறத்தாழ 29 நிமிடம். மூன்று நான்கு நிமிடப் பாட்டுக்குப் பழகிய சந்தையில் அது துணிவான செயல்.

அரங்கில் அமர்ந்தோர் கண்டது யாது? மின்கிதார் இல்லை, முரசுக் கூட்டம் இல்லை. விரிப்பின்மேல் சம்மணமிட்டு அமர்ந்த கலைஞர்கள், ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு, மூச்சுவிட இடமின்றி வாசிக்கிறார்கள். பழைய முழக்கத்தை எதிர்பார்த்து வந்த ராக் ரசிகர் பலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. நம் பக்கத்திலோ, இதைக் கச்சேரி என்று ஏற்கத் தயங்கியோர் இருந்தனர். முன்னைய குழுவின் தட்டுகள் எட்டிய விற்பனை உயரத்தை இக்குழுவின் தட்டுகள் எட்டவில்லை. பொருளும் புகழும் தந்த பாதையை விட்டு இவ்வழி வந்த மக்லாக்லின், தெரிந்தே அவ்விலையைக் கொடுத்தார்.

அவர் தம் கிதாரையும் மாற்றினார். கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள் சுரத்தை ஒவ்வோரிடத்தில் நிறுத்திவிடும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவலாம். இடையில் வழுக்கிச் செல்வது கடினம். கமகத்துக்கு உயிர் அவ்விடைவெளியில்தான். ஆகவே கிப்சன் நிறுவனத்தாரும் ஆபிரகாம் வெக்டர் என்னும் கைவினைஞரும் அவருக்கென ஒரு கிதாரைச் செய்தனர். மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கினர். இதனால் வீணையில் போலத் தந்தியை அழுத்தியும் இழுத்தும் சுரத்தை அசைக்க முடிந்தது. ஒலித்துளையின் மேல் சாய்வாக ஏழு சிறு தந்திகளையும் கட்டினர். மேலுள்ள தந்திகள் ஒலிக்கும்போது இவை தாமே உடன் அதிர்ந்து, சித்தாரில் கேட்பது போன்ற கார்வையைத் தந்தன.

இங்கு ஒன்றை உற்று நோக்குக. பிறர் இசையைத் தன் கருவிக்கு ஏற்பக் குறைப்பது எளிய வழி. அவர் அவ்வாறு செய்யவில்லை. தம் கருவியையே செதுக்கினார். மொழிபெயர்ப்பிலும் இவ்விரு வழிகள் உண்டு. மூலத்தை வெட்டித் தன் மொழியில் அடைப்பவர் ஒரு வகை. மூலம் வந்து தங்குவதற்கு ஏற்பத் தன் மொழியை இளக்கிக் கொடுப்பவர் மற்றொரு வகை. பின்னவர் செய்வதே நிலைக்கிறது.

மேடையில் பதிந்தது முதல் தட்டு. பதிவுக்கூடத்தில் பிறந்தது இரண்டாம் தட்டு. 1976 ஆகஸ்டில் இலண்டனின் டிரைடென்ட் பதிவுக்கூடத்தில் அது பதிவாயிற்று. பீட்டில்ஸ் குழுவும் டேவிட் போவியும் குவீன் குழுவும் பதிவு செய்த இடம் அது. ராக் இசையின் கோயில்களுள் ஒன்று எனலாம். அக்கூடத்துக்குள் மானாமதுரை மரபின் மட்கலம் புகுந்தது. 'ஒரு கைப்பிடி அழகு' என்று பொருள்படும் பெயரோடு வெளிவந்த அத்தட்டில் ஆறு உருப்படிகள். அவற்றுள் ஒன்றின் பெயர் 'கிருதி'. முதல் உருப்படிக்கு 'மகிழ்ச்சியின் நடனம்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் சூட்டினர். அது தொடங்குவதோ கொன்னக்கோலில், அதாவது வாயால் சொல்லும் சொற்கட்டில். ராக் குழுவினர் நின்று பாடிய கூடத்தில் நம் தாளச் சொற்கட்டு ஒலித்தது என்பதை நினைக்கும்போது உள்ளம் நிமிர்கிறது. மூன்றாம் தட்டு 1977-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பதிவாகி வெளிவந்தது. அதில் உருப்படிகள் எட்டு. அவை பொதுவாக முன்னையவற்றிலும் குறுகியவை.

பொதுவான தாய்மொழி இல்லாத நால்வர் இவ்வளவு விரைவில், இவ்வளவு நெருக்கமாக எங்ஙனம் ஒன்றாக வாசித்தனர்? ஒருவர் ஆங்கிலேயர், ஒருவர் பஞ்சாப் தபேலா மரபில் வந்த மும்பைக்காரர், ஒருவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், ஒருவர் சென்னைவாசி. இவர்களுக்குப் பொதுமொழியாக நின்றது தாளக் கணக்கு.

அதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்தால் 32 சிறு அலகுகள். 'ததிகிணதொம்' என்பது ஐந்து எழுத்தாக எண்ணப்படும் சொற்கட்டு. அதை இருமுறை சொன்னால் பத்து. பிறகு ஓர் அலகு மௌனம். மீண்டும் பத்து; மீண்டும் ஓர் அலகு மௌனம்; மீண்டும் பத்து. பத்தும் ஒன்றும் பத்தும் ஒன்றும் பத்தும் கூட்ட முப்பத்திரண்டு. அடுத்த அடி விழும் இடம் தாளத்தின் தொடக்கமாகிய சமம். கேட்போர் நெஞ்சில் 'ஆகா!' என்ற ஒலி எழுவது அவ்விடத்தில்தான். முத்தாய்ப்பு என்றும் கோர்வை என்றும் நாம் போற்றுவனவற்றின் உள்ளே இத்தகைய கணக்கே ஓடுகிறது. வடநாட்டார் 'திஹாயி' என்பதும் ஒரு சொற்கட்டை மும்முறை சொல்லிச் சமத்தில் வந்து சேர்வதே. இக்கணக்கில் ஐயமற்றவர்கள் நால்வர் கூடினால், ஒருவர் எவ்வளவு தொலைவு சென்றாலும் மற்றவர் அஞ்ச வேண்டியதில்லை. எல்லாரும் சமத்தில் சந்திப்பர். மக்லாக்லின் இதை இறுதிவரை விடவில்லை. பின்னாளில் விக்கு விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷுடன் சேர்ந்து, மேல்நாட்டாருக்குக் கொன்னக்கோலைக் கற்பிக்கும் ஒளிப்படப் பாடத்தையே வெளியிட்டார்.

ஆகவே 'கலப்பு' என்னும் சொல்லை இங்கு எச்சரிக்கையாக வழங்க வேண்டும். தம் இசையை அரைகுறையாகக் கற்றவர்கள் கலந்தால், இரண்டும் நீர்த்துப்போகும். இவர்கள் தம் தம் மரபில் ஊறியவர்கள். தந்தையின் முன் அமர்ந்து பிள்ளைப் பருவம் முழுவதும் சாதகம் செய்த சங்கரும், விநாயக்ராமும், ஜாகிரும் எதையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சவில்லை. அஞ்சாததால் கொடுத்தனர், கொடுத்ததால் பெற்றனர்.

1978-இல் அக்குழு கலைந்தது. மூன்று தட்டுகளோடு அதன் முதற்காலம் முடிந்தது. ஆயினும் அத்தட்டுகள் கைமாறிக் கைமாறிப் பல நாடுகளில் கேட்கப்பட்டன. 1997-இல் மக்லாக்லினும் ஜாகிர் உசேனும் விக்கு விநாயக்ராமும் மீண்டும் கூடினர். புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா உடனிருந்தார். அடுத்து மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் வந்தார். ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969-இல் பிறந்து, மாண்டலின் என்னும் மற்றுமொரு மேல்நாட்டுக் கருவியைக் கர்நாடக இசைக்கு உரிமையாக்கியவர் அவர். தந்தையின் இடத்தில் கஞ்சிராவோடு செல்வகணேஷ் அமர்ந்தார். பின்னர்ப் பாடகர் சங்கர் மகாதேவன் இணைந்தார். 2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீநிவாஸ் தம் 45-ஆம் வயதில் சென்னையில் காலமானார். குழு மீண்டும் மௌனமாயிற்று.

சங்கர் மகாதேவனைப் பற்றி நம் போன்றோர் தனியே அறியவேண்டும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில், மும்பையின் செம்பூரில் 1967-இல் பிறந்தவர். தாதரிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் தம் கோயில்களையும் சபைகளையும் நிறுவிக் கொண்டமை நீங்கள் அறிந்ததே. அச்சூழலில் அவர் கர்நாடக இசை பயின்றார். மராத்தி இசையமைப்பாளர் ஸ்ரீநிவாஸ் களேயிடமும் கற்றார். பொறியியல் படித்துக் கணினித் துறையில் பணியாற்றிப் பின்பே இசையை முழுநேரத் தொழிலாக்கினார். பின்னாளில் குழுவில் வயலின் வாசிக்க வந்த கணேஷ் இராஜகோபாலனோ, கணேஷ்-குமரேஷ் என்று நாமறிந்த இரட்டையருள் மூத்தவர்; உத்தரப் பிரதேசத்தின் கான்பூரில் பிறந்தவர். யாழ்ப்பாணம், செம்பூர், கான்பூர் என்னும் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இக்குழுவில் நம் இசையைச் சுமந்து சென்றவர் பலர், நம்மைப் போலவே தமிழகத்துக்கு வெளியே பிறந்தோ வளர்ந்தோ வந்தவர்கள்.

2023-ஆம் ஆண்டு குழுவின் பொன்விழா ஆண்டு. அவ்வாண்டு ஜனவரியில் இந்தியாவில் உலா வந்தபோது பெங்களூரிலும் அவர்கள் வாசித்தனர். அதே ஆண்டு ஜூன் 30 அன்று 'இக்கணம்' என்று பொருள்படும் பெயரில் புதிய இசைத்தொகுப்பு வெளிவந்தது. 1977-க்குப் பின், 46 ஆண்டுகள் கழித்து 'சக்தி' என்னும் பெயரில் பதிவுக்கூடத்தில் உருவான முதல் தொகுப்பு இதுவே. உருப்படிகள் எட்டு. முதலாவதன் பெயர் மறைந்த ஸ்ரீநிவாஸை நினைவூட்டுவது. மற்றொன்றின் பெயர் 'மோகனம்'.

இத்தொகுப்பு உருவான முறை முன்னையவற்றுக்கு நேர்மாறானது. 1976-இல் நால்வரும் இலண்டன் கூடத்தில் முகம் பார்த்து வாசித்தனர். கொள்ளைநோய்க் காலம் உலகைப் பூட்டிய பின் அவ்வாறு கூடுதல் அரிதாயிற்று. மக்லாக்லின் மொனாக்கோவில், ஜாகிர் உசேனும் கணேஷும் அமெரிக்காவில், சங்கர் மகாதேவன் மும்பையில், செல்வகணேஷ் சென்னையில் இருந்தனர். அவரவர் தம் ஊரிலேயே தம் பகுதியைப் பதிவு செய்து, கணினி வழியாக அடுத்தவருக்கு அனுப்பினர். ஒருவர் வாசித்ததைக் கேட்டு மற்றவர் தம் மறுமொழியை வாசித்தார். இன்முகமும் கண்ணசைவும் இல்லாத நிலையில், சமத்தில் தவறாமல் சந்திக்க உதவியது அப்பழைய கணக்கே. பிரிந்து வாழ்வோர் ஒன்றாய் இருப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு இதனினும் சிறந்த விடை வேறில்லை.

2024 பிப்ரவரி 4 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இத்தொகுப்புக்கு உலக இசைத்தொகுப்புக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. ஜாகிர் உசேன் அன்றிரவு மட்டும் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றார். அவ்வாண்டு முடியுமுன்னரே, டிசம்பர் 15 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் அவர் காலமானார். பொன்விழாத் தொகுப்பு அவர் குழுவோடு கொண்ட ஐம்பதாண்டு உறவின் நிறைவாக அமைந்துவிட்டது.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். இந்நகரில் வாழும் சுகன்யா ராம்கோபால், மயிலாடுதுறையில் பிறந்து, ஹரிஹர சர்மாவிடமும் விக்கு விநாயக்ராமிடமும் பயின்ற கடக் கலைஞர். பெண்ணின் விரல்களுக்குக் கடம் கடினமாயிற்றே என்று விநாயக்ராம் தயங்கியபோது, முதியவரான ஹரிஹர சர்மாவே அவருக்குக் கற்பிக்க முன்வந்தார். அதே பானையை எடுத்துக்கொண்டு மகன் உலக மேடைகளில் வாசித்தார். தந்தையோ சென்னை வீட்டில் ஒரு பெண்ணுக்கு அதைக் கற்பித்து மற்றொரு கதவைத் திறந்தார். இக்குடும்பம் மரபைக் காத்த முறை இது. பூட்டி வைத்துக் காக்கவில்லை. கையில் எடுத்து வாசித்தும், கேட்டவருக்குக் கற்பித்தும் காத்தது. விநாயக்ராம் நாள்தோறும் வாசித்ததனால்தான் செல்வகணேஷ் கேட்டு வளர்ந்தார். செல்வகணேஷ் வாசித்ததனால் அவர் மைந்தர் சுவாமிநாதனும் இன்று கஞ்சிரா வாசிக்கிறார்.

இதை எண்ணியபோது என் வீட்டு வழக்கில் ஓர் உண்மை எனக்குச் சுரீரென்று உறைத்தது. அலமாரியில் உள்ள வயலினை என் தந்தையார் வாசித்தார், நான் வாசித்ததில்லை. தேர்வு, வேலை, இடமாற்றம் என்று காரணம் சொல்லி உறையை மூடி வைத்தவன் நானே. கேட்டறியாத இசையை என் மகன் விட்டுவிட்டான் என்று குறைகூற எனக்கு உரிமை ஏது? சங்கிலி அறுந்த இடம் அவனன்று, நான்.

ஆகவே தீர்ப்பு மாறியது. அவனுக்குக் கிதார் வாங்கிக் கொடுத்தேன். அத்துடன், மேலே சொன்ன முப்பத்திரண்டின் கணக்கைத் தொடையில் தட்டிக் காட்டினேன். அவன் இரண்டு நாள் தவறினான், மூன்றாம் நாள் சமத்தில் வந்து நின்றான், முகம் மலர்ந்தது. வயலினை நான் இறக்கி, புதுத் தந்தி மாற்றக் கொடுத்திருக்கிறேன். நாற்பதைக் கடந்தவன் சரளி வரிசை தொடங்குவதைக் கண்டு அண்டை வீட்டார் நகைக்கக்கூடும். உலகப் புகழ் பெற்ற ஒருவர் வெஸ்லியனில் தொடக்க மாணவராய் அமர்ந்ததை எண்ணி நான் தேறிக்கொள்வேன்.

அன்பர்களே, பிறமாநிலத்தில் வாழும் நாம், நம் பிள்ளைகள் பிறர் இசையைக் கேட்கிறார்களே என்று அஞ்ச வேண்டியதில்லை. நம் இசை நம் வீட்டில் ஒலிக்கிறதா என்பதையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கணக்கு நம் கையில் தெளிவாக இருந்தால், பிள்ளை எந்தக் கருவியை ஏந்தி எவ்வளவு தொலைவு சென்றாலும் சமத்தில் நம்மை வந்து சந்திப்பான்.